நார்வே மீனும் ஒரு காலி நாற்காலியும்

2011 தொடக்கம் என்று ஞாபகம். தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்ட் பிரிவில் இருந்தேன். ஹெல்த் சர்டிபிகேட், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் என்று காலையிலிருந்து ராத்திரி வரை காகிதத்தோடுதான் பிழைப்பு. சாப்பாட்டு நேரத்தில் தொழில் சம்பந்தமாக வரும் மின்னஞ்சல்களை மேய்வேன். அப்படி ஒரு நாள் மேய்ந்தபோது, நார்வேயிலிருந்து விமானத்தில் சீனாவுக்குப் போகும் சால்மன் மீன் அங்கே கிடங்குகளில் சோதனைக்கு என்று நாள்கணக்கில் நிறுத்தப்படுகிறது, பெட்டியோடு கெட்டுப்போகிறது என்று ஒரு செய்தி. எங்கள் சரக்கு இறாலும் கணவாயும்தான், சால்மனுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் சரக்கு நிற்கிறது என்று எங்கே படித்தாலும் வயிற்றைக் கலக்கும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது தெரியும்.

பக்கத்து மேசையில் முப்பது வருஷம் துறைமுகத்தில் ஊறிய ஒரு அண்ணாச்சி இருந்தார்.

“அண்ணாச்சி, நார்வே மீன்ல என்ன கிருமி கண்டுபிடிச்சாங்களாம்?”

“கிருமி எல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. சீனாக்காரன் ஜெயில்ல போட்ட ஆளுக்கு அந்த ஊர்ல பரிசு குடுத்துட்டாங்கல்லா, அந்தக் கோவம். மீன நிப்பாட்டுனா வாய மூடிருவாம்னு கணக்கு.”

லியு சியாபோ என்ற பெயர் என்னிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான், ஒரு மீன் பெட்டி வழியாக. அண்ணாச்சி சொன்ன அந்தக் கணக்கு கடைசியில் சரியாக வந்ததா இல்லையா என்பதை அதற்கப்புறம் பல வருஷம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. யாரால் வந்தது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன், ஏனென்றால் பொதுவாகப் பழியைப் போடுகிற இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் அந்த மனிதரைப் பற்றி. 1955-ல் வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரில் பிறந்தவர். இலக்கியம் படித்து பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1989 வசந்தத்தில் அவர் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வருகைதரு அறிஞராக இருந்தார். பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூட ஆரம்பித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். எல்லோரும் வெளியே போக வழி தேடுகிற நேரத்தில் உள்ளே வந்த ஆள். ஜூன் 2 அன்று மூன்று நண்பர்களோடு சதுக்கத்திலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஜூன் 3 இரவு ராணுவம் சுட்டுக்கொண்டே நகருக்குள் வந்துவிட்டது. சதுக்கத்தில் இருந்தவர்களில் சிலர் கையில் எப்படியோ துப்பாக்கி கிடைத்திருந்தது. ஒரு தோட்டா இந்தப் பக்கத்திலிருந்து போனால் அங்கிருக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் சுட்டுத் தள்ள அதுவே சாக்காகிவிடும் என்று, லியு அந்தத் துப்பாக்கியை வாங்கி எல்லோர் கண் முன்னாலும் அடித்து உடைத்தார். அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் இருட்டில் ராணுவ அதிகாரிகளிடம் நடந்து போய்ப் பேசி, விடிவதற்குள் மாணவர்கள் சதுக்கத்தை விட்டு வெளியேற வழி வாங்கினார்கள். நகரத்தின் மற்ற தெருக்களில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை அரசு நம்பத்தக்க முழுக் கணக்குச் சொல்லவில்லை. சதுக்கத்துக்குள் இருந்த கூட்டம் உயிரோடு வெளியே வந்ததில் இந்த நாலு பேருக்குப் பெரிய பங்கு உண்டு.

இவரைத்தான் அரசு திரும்பத் திரும்ப உள்ளே போட்டது. 1989-ல் பிடித்து 1991 ஜனவரி வரை, அப்புறம் 1996-லிருந்து 1999 வரை மூன்று வருஷம் தாலியன் ஊரில் ‘உழைப்பு மூலம் மறுகல்வி’ முகாமில். அந்த முகாமில் இருந்தபோதுதான் லியு சியா என்ற கவிஞர் அவரைத் திருமணம் செய்துகொண்டார்.

2008 டிசம்பரில் சாசனம் 08 வந்தது. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 60-ம் ஆண்டையொட்டி 303 பேர் கையெழுத்துப் போட்ட ஒரு அறிக்கை. ஒரு கட்சி மட்டுமே ஆள்வது முடிய வேண்டும், நீதிமன்றம் சுதந்திரமாக இருக்க வேண்டும், பேசவும் எழுதவும் கூடவும் உரிமை வேண்டும் என்பவைதான் அதில் இருந்தவை. அறிக்கை வெளியாவதற்குள்ளாகவே, டிசம்பர் 8 இரவு, போலீஸ் வீட்டுக்கு வந்து லியுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு வருஷம் கழித்து வழக்கு. ‘அரசதிகாரத்தைக் கவிழ்க்கத் தூண்டியது’ என்பது குற்றம். சாட்சியம் அந்தச் சாசனமும் அவர் எழுதிய ஆறு கட்டுரைகளும். அவற்றிலிருந்து குற்றம் என்று எடுத்துக் காட்டியது மொத்தம் 224 சீன எழுத்துகள். 11 வருஷம் சிறை. தீர்ப்புச் சொன்ன நாள் 2009 டிசம்பர் 25. மேற்கத்தியத் தூதரகங்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருக்கும் நாள் அது, தற்செயலாக அமைந்த தேதி என்று நான் நம்பவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு விசாரணை நடந்தபோது பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் தூதரக அதிகாரிகள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள், உள்ளே விடவில்லை, பெய்ஜிங்கின் டிசம்பர் குளிரில் வெளியே நின்றார்கள். அப்புறம் வழக்கம்போல அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கவலை தெரிவித்து அறிக்கை விட்டன.

2010 அக்டோபர் 8 அன்று நோபல் அமைதிப் பரிசு அறிவித்தார்கள். ஆஸ்லோவில் பெயரை வாசித்துக்கொண்டிருக்கும்போதே சீனாவில் சிஎன்என், பிபிசி திரைகள் கறுப்பாகிவிட்டன. இரண்டு நாள் கழித்து மனைவி சிறைக்குப் போய்ச் சொன்னார். லியு அழுதிருக்கிறார்; இந்தப் பரிசு 1989 ஜூன் 4-ல் செத்தவர்களுக்கு என்று சொல்லியிருக்கிறார். வீடு திரும்பிய லியு சியா அதற்கப்புறம் வெளியே வரவில்லை. வீட்டுக் காவல். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவு காலம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள். 2012 டிசம்பரில் காவலர்கள் சாப்பிடப் போயிருந்த இடைவெளியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் அந்த வீட்டுக்குள் போய்விட்டார்கள். மனுஷ முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அவர் உடம்பு நடுங்கி, பேச முடியாமல் அழுதார். அந்த வீடியோவை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

ஆஸ்லோ நகர மண்டபத்தில் டிசம்பர் 10 அன்று நடந்த விழாவில் மேடையில் ஒரு காலி நாற்காலி. நோபல் குழுத் தலைவர் தோர்ப்யோர்ன் யாக்லாண்ட் பேசி முடித்து, பட்டயத்தையும் பதக்கத்தையும் எடுத்து அந்த நாற்காலியில் வைத்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது, ரொம்ப நேரம். நீதிமன்றத்தில் லியு படிக்க எழுதிவைத்திருந்த உரையை, எனக்கு எதிரிகள் இல்லை என்று சொல்கிற அந்த உரையை, நடிகை லிவ் உல்மான் வாசித்தார். குழந்தைகள் பாடினார்கள்; அது அவர் மனைவி வழியாகச் சொல்லியனுப்பிய ஆசை. பரிசு பெறுகிறவரோ அவர் சார்பில் வேறு யாருமோ வர முடியாமல் போனது அதற்கு முன்னால் 1936-ல், நாஜி முகாமில் வதைபட்டிருந்த பத்திரிகையாளர் கார்ல் ஃபோன் ஓசியட்ஸ்கிக்குத்தான். விழா முடிந்த கையோடு சீன இணையத்தில் ‘காலி நாற்காலி’ என்ற சொல்லையே தணிக்கை செய்தார்கள்.

சீனா கேட்டுக்கொண்டதால் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகள் விழாவுக்கு வரவில்லை. ரஷ்யா, பாகிஸ்தான், சவூதி, வியட்நாம், கியூபா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் நாட்டுத் தூதர் போனார். பெரிய காரியமா என்று கேட்கலாம். பக்கத்து நாட்டின் முறைப்பையும் மீறிப் போய் உட்கார்ந்தார்களே, அந்த மட்டில் எனக்கு நிறைவுதான்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

பரிசு கொடுத்தது நார்வே அரசு கிடையாது. நார்வே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட குழு. ஆனால் பெய்ஜிங் அந்த வித்தியாசத்தைக் கேட்கத் தயாராக இல்லை. 2008-ல் தொடங்கிய தடையற்ற வர்த்தகப் பேச்சு நின்றது. அமைச்சர்கள் சந்திப்பு நின்றது. 2013-ல் பெய்ஜிங் வழியாகப் போகும் பயணிகளுக்கு விசா இல்லாமல் 72 மணி நேரம் தங்க அனுமதி கொடுத்தபோது, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் இருந்த அந்தப் பட்டியலில் நார்வே விடுபட்டுப் போனது. அப்புறம் சால்மன். தடை என்று எங்கேயும் எழுத்தில் இல்லை. கால்நடை, உணவுச் சோதனை விதிகள் திடீரென்று கடுமையாயின, அவ்வளவுதான்.

இந்த ‘அவ்வளவுதான்’ என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உறைய வைத்த சரக்கு என்றால் ரீஃபர் கண்டெய்னரை, அதாவது குளிரூட்டிய பெட்டகத்தை, யார்டில் பிளக் போட்டு நிறுத்தலாம். நாளொன்றுக்கு வாடகையும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் ஏறும், ஆனால் சரக்கு கிடக்கும். ஐஸில் போகும் பச்சை மீனுக்கு அந்த வசதி கிடையாது. பிடித்த நாளிலிருந்து இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் அதிகம். அதில் நாலைந்து நாளை ஒரு அதிகாரியின் மேசையில் இருக்கும் காகிதம் தின்றுவிட்டால் மீன் குப்பை. கேட்டால் சோதனை முடியவில்லை என்பார்கள். யார் மேலும் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் யாரும் எதையும் மறுக்கவில்லை.

எங்கள் சரக்கு ஒன்று ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பதினொரு நாள் நின்றது. ஏதோ ஒரு சான்றிதழில் ஏதோ ஒரு வரி. அந்த விவகாரம் முடிகிற வரை அடுத்த லோடு அடிக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இறால் உரிக்கும் ஷெட்டில் அந்த வாரம் வேலை இல்லை. அது தெரியாமல் வழக்கம்போல விடிகாலை வேனில் வந்து இறங்கிய பெண்கள் தூக்குவாளியோடு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கிலோ கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள், வேலை இல்லை என்றால் அன்றைக்குக் காசு இல்லை. ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, “சார், எந்த ஊர்ல நிக்குது நம்ம இறாலு?” என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊரின் பெயரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுபடியும் போய் உட்கார்ந்தார். அதனால், மீன் விற்கிறவன் பணத்துக்காகக் கொள்கையை விற்றான் என்று யாராவது லேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஒரு அரசு கோபப்பட்டால் முதல் அடி வேப்பமரத்தடியில்தான் விழுகிறது.

ஆனால் நார்வே கதையில் அடி அந்த அளவுக்கு விழவில்லை, இதைத்தான் கவனிக்க வேண்டும். 2010-ல் சீனா இறக்குமதி செய்த முழு சால்மனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நார்வே மீன். 2013-க்குள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பெரிய சரிவுதான். ஆனால் நார்வே மீனை ஐரோப்பா வாங்கியது, மற்றவர்கள் வாங்கினார்கள்; அதே 2013-ல் நார்வேயின் மொத்தக் கடல் உணவு ஏற்றுமதி அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. எண்ணெய்ப் பணத்தைப் போட்டு உலகத்திலேயே பெரிய அரசு முதலீட்டு நிதி வைத்திருக்கிற நாடு அது. நஷ்டம் தாங்கக்கூடியது.

சரி, சீனாவின் கடைகளில் காலியான அந்த இடத்தில் யார் போய் உட்கார்ந்தார்கள்? பெய்ஜிங்கில் சால்மன் சாப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லையே. ஸ்காட்லாந்து மீன் வந்தது, பரோ தீவுகளின் மீன் வந்தது. ஆஸ்லோ விழா முடிந்து ஐந்து வாரம்கூட ஆகாத 2011 ஜனவரியில் சீனாவின் துணைப் பிரதமர் லி கெச்சியாங் பிரிட்டன் போனார். அந்தப் பயணத்தில் ஸ்காட்லாந்து சால்மனைச் சீனாவுக்கு நேரடியாக அனுப்ப ஒப்பந்தம், எடின்பரோ விலங்குக் காட்சிச்சாலைக்கு இரண்டு பாண்டாக்கள் அனுப்ப ஒப்பந்தம். லியு சியாபோவை விடுதலை செய்யச் சொல்லி அறிக்கை விட்ட நாடுகளில் பிரிட்டனும் ஒன்று, அந்த விழாவுக்கு ஆள் அனுப்பிய நாடும்கூட.

என் கோபம் இங்கேதான். நார்வே பணிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதட்டும், உண்மைதான். ஆனால் நார்வேயைத் தனியே விட்டது யார்? சீனாவின் தண்டனை வேலை செய்ததற்குக் காரணம் சீனா மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தண்டனையால் லாபம் பார்க்க அடுத்த கடைக்காரன் தயாராக நின்றான், அவனும் ஜனநாயகம் பேசுகிறவன். எங்கள் தொழிலிலும் இது உண்டு. ஒரு நிறுவனத்தின் சரக்கு துறைமுகத்தில் நின்றால், அதே வாங்குகிறவருக்கு அன்று சாயங்காலமே பக்கத்து நிறுவனத்திலிருந்து போன் போகும். வியாபாரத்தில் அது சகஜம். ஒரு மனிதன் 224 எழுத்துக்காகச் சிறையில் இருக்கும்போது, அவனுக்காகக் குரல் கொடுத்த நாடுகளுக்குள் இது சகஜம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தனியே நின்ற நார்வே கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. 2014 மே மாதம் தலாய் லாமா ஆஸ்லோ போனபோது பிரதமர் எர்னா சூல்பர்க் சந்திக்கவில்லை. நாடாளுமன்ற சபாநாயகரும் சந்திக்கவில்லை, அவர் முன்பு திபெத்துக்கான நாடாளுமன்றக் குழுவுக்கே தலைமை வகித்தவர். 2016 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் கூட்டறிக்கை வந்தது. சீனாவின் மைய நலன்களுக்கும் முக்கியக் கவலைகளுக்கும் நார்வே மிகுந்த முக்கியத்துவம் தருகிறது, அவற்றைக் குலைக்கும் செயல்களை ஆதரிக்காது என்று அதில் இருந்தது. உறவு சீராகிவிட்டது. அந்த நேரத்தில் லியு சியாபோ லியாவ்னிங் மாகாணத்தில் ஜின்சோ சிறையில் இருந்தார்.

ஆறு மாதம் கழித்து, 2017 ஜூன் கடைசியில், அவருக்கு ஈரல் புற்றுநோய், முற்றிவிட்டது, ஷென்யாங் நகர மருத்துவமனைக்கு மாற்றியிருக்கிறோம் என்று செய்தி வெளியானது. வெளிநாட்டில் சிகிச்சை எடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று நண்பர்கள் சொன்னார்கள், மனைவியையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவரும் அமெரிக்காவிலிருந்து ஒரு மருத்துவரும் போய்ப் பார்த்து, பத்திரமாகக் கொண்டுபோக முடியும், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார்கள். சீன மருத்துவமனை முடியாது என்றது.

அந்த வாரத்தின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஜூலை 5, பெர்லின் விலங்குக் காட்சிச்சாலையில் சீனா தந்த இரண்டு பாண்டாக்களின் புது வீட்டை ஷி ஜின்பிங்கும் அங்கெலா மெர்க்கெலும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். ஜூலை 7, 8 ஹாம்பர்க்கில் ஜி20 மாநாடு. நார்வே பிரதமரும் அழைப்பின் பேரில் அங்கே இருந்தார், லியுவைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கவில்லை. ஜூலை 13 அன்று லியு சியாபோ இறந்தார், 61 வயது. அன்றைக்குப் பாரிஸில் பத்திரிகையாளர் சந்திப்பில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பிடம் ஷி ஜின்பிங் பற்றிக் கேட்டார்கள். பெரிய தலைவர், திறமையான மனிதர் என்று புகழ்ந்தார். இரங்கல் அறிக்கைகளும் வந்தன. இரண்டு நாளில் எரித்து, அஸ்தியைத் தாலியன் அருகே கடலில் கரைத்துவிட்டார்கள். சமாதி என்று ஒன்று இருந்தால் அங்கே யாராவது பூ வைக்க வருவார்கள் அல்லவா.

முன்பு இப்படி இல்லையா என்று கேட்டால், முன்பும் சுத்தமாக ஒன்றும் இல்லை. 1989 ரத்தம் காயாத ஜூலை மாதமே அமெரிக்க அதிபர் புஷ் தன் பாதுகாப்பு ஆலோசகரை ரகசியமாகப் பெய்ஜிங் அனுப்பினார். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பிடி இருந்தது. சீனாவுக்குத் தரும் வர்த்தகச் சலுகையை அமெரிக்கா ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அந்த நேரம் வந்தால் சிறைக் கதவுகள் கொஞ்சம் அசையும். பெய்ஜிங்கில் சுவரொட்டி ஒட்டி ஜனநாயகம் கேட்ட ‘ஜனநாயகச் சுவர்’ காலத்திலிருந்து 14 வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த வெய் ஜிங்ஷெங்கை 1993 செப்டம்பர் 14 அன்று விட்டார்கள். ஒலிம்பிக் எந்த ஊருக்கு என்ற ஓட்டெடுப்பு செப்டம்பர் 23. பெய்ஜிங் இரண்டு ஓட்டில் சிட்னியிடம் தோற்றது, 1994-ல் வெய் மறுபடி உள்ளே போனார். அதே வருஷம் மே மாதம் கிளிண்டன் வர்த்தகத்தையும் மனித உரிமையையும் பிரித்துவிட்டார். ஒரு மனுஷனைச் சில்லறை மாதிரி எடுத்துக் கொடுக்கிற அந்த முறை அசிங்கமானதுதான். ஆனால் சிறைக்குள் இருப்பவனுக்கு அசிங்கமான வழியில் வந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். வெய் 1997-ல் வெளியே வந்தார், மாணவர் தலைவர் வாங் டான் 1998-ல் கிளிண்டன் பெய்ஜிங் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் வந்தார். பிடி போனதும் அதுவும் போனது.

பிடி எப்படிக் கை மாறியது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போதும். 2017 ஜூனில், லியு மருத்துவமனையில் கிடந்த அதே மாதம், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் சீனாவைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் ஒரு அறிக்கை படிக்க வேண்டும். கிரீஸ் தடுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் அந்த நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தின் பெரும்பான்மைப் பங்கைச் சீனாவின் காஸ்கோ நிறுவனம் வாங்கியிருந்தது. கடனில் மூழ்கிய கிரீஸைச் சொத்தை விற்கச் சொல்லி நெருக்கியதே மற்ற ஐரோப்பியர்கள்தான், அதையும் மறக்கக் கூடாது.

அதே ஜெனீவா மண்டபத்தில் 2014 மார்ச்சில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாவ் ஷுன்லி என்ற பெண், ஐ.நா.வில் சீனா தரும் மனித உரிமை அறிக்கையில் சாதாரண மக்களின் குரலும் இருக்க வேண்டும் என்று கேட்டவர். ஜெனீவாவுக்குப் பயிற்சிக்குப் போக விமானம் ஏற வந்தவரைப் பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஆறு மாதத்தில், சிகிச்சை மறுக்கப்பட்ட நிலையில், இறந்தார். கவுன்சிலில் ஒரு தொண்டு அமைப்பு பேசும் முறை வந்தபோது, தனக்குரிய நேரத்தில் பேசாமல் அவருக்காக மௌனம் காக்க விரும்புகிறோம் என்றது. சீனப் பிரதிநிதி எழுந்து ஆட்சேபம் சொன்னார், பேசுகிற நேரத்தில் பேசத்தான் வேண்டும், மௌனத்துக்கு விதியில் இடமில்லை என்று. ஒரு நிமிஷ மௌனத்துக்காக மணிக்கணக்கில் விவாதம். கடைசியில் அரங்கில் இருந்த பலர் அவருடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாங்களாகவே எழுந்து நின்றார்கள்.

ஜெர்மனி செய்தது ஒன்று உண்டு, அதை மறைக்க எனக்கு மனசில்லை. லியு இறந்த பிறகும் அவர் மனைவி காவலில்தான் இருந்தார். பெர்லினில் இருந்த எழுத்தாளர் நண்பர்கள் அவர் போனில் அழும் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள், மெர்க்கெல் அரசு சத்தமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தது. 2018 ஜூலை 9 அன்று சீனப் பிரதமர் பெர்லினில். மறுநாள் லியு சியா விமானம் ஏறினார். ஹெல்சிங்கி விமான நிலையத்தில் இரண்டு கைகளையும் விரித்துச் சிரிக்கிற அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தம்பி மட்டும் சீனாவிலேயே இருந்தார், அவரை நினைத்துத்தான் லியு சியா வாய் திறக்கவில்லை என்றார்கள் நண்பர்கள். சத்தம் போட்டால் பலனா, ரகசியமாகப் பேசினால் பலனா என்று அடிக்கடி ஒரு வாதம் வரும். எனக்கு அந்த வாதமே அர்த்தமில்லாததாகத் தெரிகிறது. வெளியே அந்த அழுகுரல் கேட்டிருக்காவிட்டால் உள்ளே மெர்க்கெல் எதைச் சொல்லிப் பேசியிருப்பார்?

கூட்டமாக நிற்க ஐரோப்பா இப்போது கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறது. 2021-ல் தைவான் அலுவலகம் ஒன்றைத் திறக்க விட்டதற்காக லிதுவேனியாவின் சரக்கைச் சீனா நிறுத்தியது, மறுபடியும் அதே காகித வேலை. நடுக்கடலில் மாட்டிக்கொண்ட 20,000 புட்டி லிதுவேனிய ரம்மைத் தைவான் அரசு நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, 2024-ல் அந்த வழக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் இப்படி ஒரு நாட்டைத் தனியே பிடித்து நெருக்கினால் எல்லோரும் சேர்ந்து பதில் கொடுக்க ஒரு சட்டம் 2023 டிசம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை என்பது வேறு விஷயம். அந்த ரம்மை வாங்கிய செய்தியைப் படித்தபோது எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. ஆனால் சிறைகள் அப்படியே இருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் வாரம் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் தொழிலதிபர்களைக் கூட்டிக்கொண்டு சீனா போனார், தியான்ஜினில் ஏர்பஸ் இன்னொரு உற்பத்தி வரிசை தொடங்க ஒப்பந்தம் ஆனது. அவர் கிளம்பி மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, குடிமக்கள் உரிமைக்காகப் பாடுபட்ட சட்ட அறிஞர்கள் சூ சியோங்குக்கு 14 வருஷம், டிங் ஜியாசிக்கு 12 வருஷம் தீர்ப்பு. குற்றம் அதே வகைதான். அறிக்கைகள் வந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது செக் தலைநகர் பிராகில் நடந்த ஒரு சின்ன விஷயம். சாசனம் 08 என்ற பெயரே, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் மனித உரிமை கேட்டு எழுதிய சாசனம் 77-ஐப் பார்த்து வைத்ததுதான். 1977 ஜனவரி 6 அன்று அந்தச் சாசனத்தை அரசிடம் கொடுக்கக் காரில் கிளம்பிய நாடக ஆசிரியர் வாஸ்லாவ் ஹாவெல், நடிகர் பாவெல் லாந்தோவ்ஸ்கி, எழுத்தாளர் லுட்விக் வாட்சுலிக் மூவரையும் போலீஸ் துரத்திப் பிடித்தது. சாசனத்தின் பேச்சாளரான தத்துவப் பேராசிரியர் யான் பட்டோச்காவை அந்த மார்ச் மாதம் டச்சு வெளியுறவு அமைச்சர் பிராகில் சந்தித்துப் பேசினார். அதற்காக நாட்டின் அதிபர் ஹூசாக் அந்த அமைச்சரைப் பார்க்க மறுத்துவிட்டார். பட்டோச்காவைப் போலீஸ் மணிக்கணக்கில் விசாரித்தது, இரண்டு வாரத்துக்குள் அவர் செத்துப்போனார், 69 வயது. வெளியிலிருந்து ஒருவன் வந்து கை கொடுத்தால் உள்ளே இருப்பவன் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும், கை கொடுக்காவிட்டால் என்ன ஆகும், இரண்டும் ஹாவெலுக்குத் தெரியும்.

2010 ஜனவரி 6. அதே தேதி, 33 வருஷம் கழித்து. நாட்டின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஹாவெல், லியு சியாபோவுக்குக் கொடுத்த தண்டனையைக் கண்டித்து எழுதிய கடிதத்தோடு பிராகில் உள்ள சீனத் தூதரகத்துக்குப் போனார். கூட வந்தவர்களில் லாந்தோவ்ஸ்கியும் இருந்தார், 1977-ல் அந்தக் காரை ஓட்டியவர். அழைப்பு மணியை அடித்துவிட்டுப் பனியில் நின்றார்கள். கதவு திறக்கவில்லை. கடிதத்தை வாசலில் இருந்த தபால் பெட்டிக்குள் போட்டார்கள்.